நடுக்கோட்டில் ஒரு பல்

நம் மேல்தாடையில் நட்டநடுவே பல் ஏதும் கிடையாது. நடுக்கோட்டின் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு பெரிய வெட்டுப்பற்கள் நிற்கின்றன. மிக அரிதாகச் சில குழந்தைகளுக்கு இவ்விரண்டுக்கும் பதிலாக ஒரே பல், சரியாக நடுக்கோட்டிலேயே முளைக்கிறது. சுமார் 50,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன.

விழுந்து ஒரு பல்லை இழந்தவர்களின் ஒற்றைப்பல் வேறு, இது வேறு. சாதாரண வெட்டுப்பல்லின் உள்மூலை கூர்மையாகவும் வெளிமூலை சற்று மழுங்கியும் இருக்கும். இந்தப் பல்லிலோ இரண்டு மூலைகளுமே வெளிமூலைகள் போலிருக்கும். பால்பல் விழுந்தபின் வரும் நிலைப்பல்லும் இப்படி ஒன்றே. மேலுதட்டை உட்புறம் ஈறோடு இணைக்கும் சிறு சவ்வு பெரும்பாலும் இராது. மூக்கின்கீழ் உள்ள பள்ளமும் தெளிவில்லாமல் இருக்கும்.

காரணம் கருவின் 35 முதல் 38ஆம் நாளுக்குள் நிகழ்வது என்று கருதப்படுகிறது. முகத்தின் நடுப்பகுதி உருவாகும் காலம் அது. மூளையின் முன்பகுதி இரண்டாகப் பிரிவதற்கும் முகம் அகலம் பெறுவதற்கும் ஒரு புரதம் சமிக்ஞை தருகிறது. அதன் மரபணுவின் பெயர் 'சானிக் ஹெட்ஜ்ஹாக்'! பழ ஈயில் ஒரு மரபணு பழுதானால் அதன் புழு முள்ளெலிபோல் முட்கள் மூடிக் கிடப்பதை நுஸ்லைன்-வோல்ஹார்டும் வீஷாசும் 1980இல் வெளியிட்டார்கள். 1995இல் நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றார்கள். முதுகெலும்பு உயிர்களில் அதன் உறவு மரபணு கண்டறியப்பட்டபோது, செகா வீடியோ விளையாட்டின் நாயகன் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள்.

விளையாட்டுப் பெயர்தான், விளைவு விளையாட்டல்ல. இந்தச் சமிக்ஞை மிகவும் குன்றினால் மூளை பிரியாமலே போகும். முகத்தில் ஒற்றைக்கண் அமைவதும் உண்டு. அமெரிக்காவின் ஐடஹோவில் சினை ஆடுகள் ஒருவகைக் காட்டு லில்லியைத் தின்று ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றன. அச்செடியின் நஞ்சு இதே சமிக்ஞையைத் தடுப்பது பின்னர் தெரியவந்தது. சமிக்ஞை சற்றே குறைந்தால் மிஞ்சும் அடையாளம் ஒற்றைப்பல்லாக இருக்கலாம். ஒற்றைப்பல் உள்ள எல்லோரிடமும் இந்த மரபணுவில் பழுது இருப்பதில்லை, சிலரிடம் இருக்கிறது.

பல்லைவிட மூச்சுதான் முதல் கவலை. அதே எலும்புப் பகுதி ஒடுங்கியிருப்பதால் மூக்கின் வழியும் குறுகிவிடுகிறது. பச்சிளங்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் சுவாசிக்கும். பால் குடிக்கையில் திணறி நீலம் பாரித்து, வாய்திறந்து அழும்போது சீராகும் குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். பல் முளைக்கப் பல மாதங்கள் இருக்கும்போதே, சி.டி. ஸ்கேனில் ஈறுக்குள் ஒற்றைப் பல்முளை தெரிந்துவிடும்.

அடுத்தது வளர்ச்சி. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் நடுக்கோட்டு உறுப்புதான். அது குறைபட்டால் வளர்ச்சி ஹார்மோன் போதாமல் குழந்தை குள்ளமாகவே நின்றுவிடலாம். காலத்தே கண்டால் ஊசிமருந்தால் ஈடுசெய்ய இயலும். பல்லுக்கு அவசரமில்லை. அண்ணத்தை அகலப்படுத்தி, பல்லை ஒருபுறம் நகர்த்தி, வளர்ச்சி முடிந்தபின் மறுபுறம் செயற்கைப்பல் பொருத்துகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மரபணுப் பழுதுள்ள குடும்பத்தில், ஒற்றைப்பல் தவிர வேறு குறையேதும் இல்லாத தாய்க்கோ தந்தைக்கோ மூளை பிரியாத குழந்தை பிறக்கக்கூடும். எனவே அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை அவசியம். நடுவில் ஒரே பல் எட்டிப்பார்த்தால் அழகு பார்த்துப் படம் எடுங்கள். கூடவே குழந்தை மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.