கொத்மலைக்குக் காற்று போடும் உரம்

1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் தண்ணீர் பச்சையாக மாறியது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சை அல்கா அளவுக்கு மீறிப் பெருகியிருந்தது. மகாவலித் திட்டத்தில் 1985இல் அமைந்த அந்த நீர்த்தேக்கத்துக்கு மேலே தேயிலை மலைகளும் மரக்கறித் தோட்டங்களும் உள்ளன. போட்ட உரத்தில் செடி எடுத்தது போக மிஞ்சிய நைதரசனும் பொசுபரசும் மழையோடு இறங்கி வந்து அல்காவுக்குத் தீனியாயின.

ஆற்றோடு வரும் உரத்துக்குத் தடம் இருக்கிறது. காற்றோடு வரும் உரத்துக்கு அது இல்லை.

யூரியா போட்ட நிலத்திலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் அமோனியா வாயு எழுகிறது. உலகிலேயே அது மிகச் செறிந்திருக்கும் இடங்களுள் ஒன்று கங்கைச் சமவெளி. வாயுவாகவே இருந்தால் பெரும்பகுதி அருகிலேயே படிந்துவிடும். ஆனால் அனல் மின் நிலையங்களும் வாகனங்களும் கக்கும் கந்தக, நைதரசன் ஒட்சைட்டுகள் காற்றில் அமிலங்களாகி அமோனியாவைப் பிடித்துக்கொள்கின்றன. அப்படிப் பிறக்கும் நுண்ணிய உப்புத் துகள் பல நாள் மிதக்கும், கடலையும் தாண்டும். அந்த உப்புகளில் ஒன்றான அமோனியம் நைத்திரேற்றோ குளிரில் துகளாக நிற்கும், வெப்பம் ஏறினால் மறுபடி வாயுவாகப் பிரிந்துவிடும்.

வீரபத்ரன் ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் 1999இல் முன்னின்று நடத்திய இந்து சமுத்திர ஆய்வு, இத்தகைய துகள்களும் கலந்து தெற்காசியாவிலிருந்து கடல்மேல் பரவும் பழுப்புப் புகைமூட்டத்தை உலகுக்குக் காட்டியது. 2022 டிசம்பர் 9ஆம் திகதி, காற்றின் தரம் கெட்டதால் இலங்கையில் அரச பாடசாலைகள் மூடப்பட்டபோது அந்த மூட்டம் வீட்டுவாசலுக்கே வந்துவிட்டது.

துகள்கள் எங்கே, எவ்வளவு இறங்கும் என்று கணிப்பவை புவித்தொகுதி மாதிரிகள். பூமியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று, மழை, வேதிமாற்றம் ஆகியவற்றைக் கணினி கணக்கிடுகிறது. பல மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 100 கிலோமீற்றர். 65,610 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இலங்கைக்கு ஏழு கட்டம் போதும். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய ஒரு கட்டத்தின் பக்கமளவு தூரம்தான். எனவே கடற்கரையும் ஹட்டனும் ஒரே கட்டத்தில் விழலாம். 2,524 மீற்றர் உயரமான பீதுருதலாகலை தணிந்த மேடாகிவிடும்.

மலையகத்தில் இது சின்னப் பிழையல்ல. தென்மேல் பருவக்காற்றில் வட்டவளையில் கொட்டும் மழை, மலைக்கு அப்பாலுள்ள வெலிமடைக்கு வருவதில்லை. மூடுபனித் துளியிலோ கரைந்த உப்புகள் பொதுவாக மழைநீரைவிடச் செறிவாக இருக்கும். இலைகள் அதை நேரடியாக வாங்கிக்கொள்கின்றன. சராசரிக் கட்டத்தில் இந்த வேறுபாடுகள் கரைந்துபோகின்றன.

இந்தக் குறையை நிரப்ப நேரில் அளந்து பார்ப்பதே வழி. தெற்காசிய நைதரசன் மையத்தின் ஆய்வாளர்கள் மத்திய மலைநாட்டின் ரிலாகல காட்டில், காற்று உரிய திசையில் வீசும்போது மட்டும் அமோனியாவைத் திறந்துவிட்டு, அது மரங்களிடையே எப்படிக் குறைகிறது என்று அளந்தார்கள். ஸ்கொட்லாந்தின் விம் சதுப்புநிலத்தில் 2002இல் தொடங்கிய இதேபோன்ற சோதனையின் வெப்பமண்டல வடிவம் இது.

மரப்பட்டையில் வளரும் லைக்கன்களுக்கு, கனமீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 1 மைக்ரோகிராம் அமோனியாவே எல்லை என்று ஐரோப்பா வகுத்திருக்கிறது. ஈரம் காயாத மலையகக் காட்டுக்கு அதே எண் பொருந்துமா, நனைந்த இலை எவ்வளவு அமோனியாவை உறிஞ்சும் என்பவற்றை ரிலாகல போன்ற இடங்களின் அளவீடுகள்தான் மாதிரிகளுக்குச் சொல்ல முடியும்.