காது கேட்கக் காத்திருந்த குழந்தைகள்



நான் ஆசிரியராக இருந்தபோது, என் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். "எத்தனை தடவைடா கூப்பிடுவது?" என்று பலமுறை அதட்டியிருக்கிறேன். ஒருநாள் அவன் அம்மா வந்தார். "சார், அவனுக்கு ஓயாமல் சளி. காதுக்குள் நீர் கோத்திருப்பதாக டாக்டர் சொல்கிறார்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளே அவனை முதல் பெஞ்சுக்கு மாற்றினேன்.

2020-ல் கொரோனா வந்து ஆஸ்பத்திரிகளில் பல அறுவை சிகிச்சைகள் நின்றபோது, அவனைத்தான் நினைத்துக்கொண்டேன். அவனைப் போன்ற குழந்தைகள் என்ன ஆனார்கள்? இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில், காது ஏன் அடைக்கிறது? செவிப்பறைக்குப் பின்னால் 'நடுச்செவி' என்ற சிறிய அறை இருக்கிறது. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. காற்று போய்வர அதுதான் வழி. பெரியவர்களுக்கு இது சரிவாக இருக்கும். சிறு குழந்தைகளுக்கோ குட்டையாக, ஏறக்குறைய படுத்தாற்போல இருக்கும். அதனால் சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் தேங்கிப் பசைபோல் ஆகிவிடும். அப்போது, தண்ணீருக்குள் மூழ்கியபடி பேச்சைக் கேட்பது போல எல்லாச் சத்தமும் மங்கலாகிவிடும். அந்த ஊரில் இதற்குப் பெயரே 'பசைக் காது'!

பெரும்பாலும் சில மாதங்களில் இது தானே சரியாகும். ஆகாவிட்டால், மருத்துவர் செவிப்பறையில் சின்னத் துளையிட்டு, 'குரோமெட்' என்ற பொடிக்குழாயைப் பொருத்துவார். அதேபோல, டான்சில் எனும் தொண்டைச்சதை அடிக்கடி வீங்கினாலோ, தூக்கத்தில் மூச்சை அடைத்தாலோ அதை அகற்றுவார்கள்.

2020 மார்ச் 17 அன்று இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை, ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. 'அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை ஏப்ரல் 15-க்குள் நிறுத்துங்கள். குறைந்தது 3 மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள்' என்றது அந்தக் கடிதம். கொரோனா நோயாளிகளுக்குப் படுக்கைகள் வேண்டுமே! இன்னொரு காரணமும் உண்டு. கொரோனா கிருமி மூக்கிலும் தொண்டையிலும்தான் குடியிருக்கும். அங்கே சிகிச்சை செய்தால் நுண்துளிகள் பறந்து, மருத்துவருக்கும் செவிலியருக்கும் நோய் தொற்றலாம்.

அவசர சிகிச்சை மட்டும் நிற்கவில்லை. பொம்மையில் இருக்கும் பொத்தான் பேட்டரியை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால், 2 மணி நேரத்திலேயே அது உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அதற்கு ஏது காத்திருப்பு?

இனிதான் அதிசயம்! பள்ளிகளை மூடினார்கள். குழந்தைகள் வீட்டிலேயே இருந்தார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சளி தொற்றுவது குறைந்தது. சளி குறைந்ததும் பல குழந்தைகளின் காதில் தேங்கிய நீர் தானே வற்றியது. அவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படவில்லை! இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்களும் காது நோய் குறைந்ததைக் கண்டார்கள்.

அப்படியானால் தள்ளிப்போட்டது நல்லதுதானே என்கிறீர்களா? எல்லோருக்கும் அப்படி இல்லை. டான்சில் வீங்கி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குழந்தைகள் இருந்தார்கள். இரவில் நல்ல தூக்கம் இல்லை. பகலில் சோர்வு. பாடம் மனதில் பதியாது. காது சரியாகாத குழந்தைகளுக்கு இன்னொரு சிரமம். அவர்கள் உதடுகளைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். முகக்கவசம் அந்த உதடுகளை மறைத்துவிட்டது!

காத்திருப்போர் வரிசையும் நீண்டது. கொரோனாவுக்கு முன் அங்கே எல்லா வயதினருக்குமாகச் சுமார் 46 லட்சம் சிகிச்சைகள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தன. 2022-ல் அது 70 லட்சத்தைத் தாண்டியது. பள்ளிகள் திறந்த பிறகு சளியும் தொண்டை நோய்களும் திரும்பி வந்தன.

பெரியவர்களுக்குச் சில மாதங்கள் என்பது சின்ன விஷயம். பேச்சும் எழுத்தும் கற்கும் வயதில் அது மிகப் பெரிய காலம். காத்திருக்கலாமா, கூடாதா என்பதைப் பரிசோதித்துப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எனவே குழந்தைகளே, காது மந்தமாக இருந்தால் மறைக்காமல் அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். ஊக்கு, குச்சி எதையும் காதில் விடாதீர்கள். சளி பிடித்திருந்தால் கைக்குட்டையால் மூடித் தும்முங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உங்கள் வகுப்பில் யாராவது "என்ன, என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால், கேலி செய்யாதீர்கள். நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்து, நிதானமாக இன்னொரு முறை சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?