ராகியின் ஈரமும் குடியானவனின் நியாயமும்

தர்மபுரி ஜில்லாவின் மானாவாரிக் குடியானவன் தன் ராகியை மூட்டை கட்டிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும்போது, அவனுடைய உழைப்புக்குத் தீர்ப்புச் சொல்வது தராசு மட்டுமன்று. தராசுக்கு முன்பாகவே வேறொரு நீதிபதி அங்கே அமர்ந்திருக்கிறது. ஒரு கைப்பிடித் தானியத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, சில விநாடிகளில் ஓர் எண்ணைக் காட்டும் சிறு பெட்டிதான் அது. ஈரப்பதமானி என்பது அதன் பெயர். அந்த எண் விதித்த எல்லையைத் தாண்டிவிட்டால் மூட்டை திரும்ப வேண்டியதே. அப்பீல் கிடையாது. இந்த நீதிபதியின் யோக்கியதை என்ன என்பதை நாம் இன்று சிறிது விசாரிக்க விரும்புகிறோம்.

விஷயம் அற்பமானதன்று. 2022-23 பருவத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் ராகியை நேரடியாகக் கொள்முதல் செய்யச் சர்க்கார் முன்வந்தனர். 2023 மே மாதத்தில், தர்மபுரியிலும் நீலகிரியிலும் பங்கீட்டுக் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக ராகி வழங்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. களியும் கூழும் உண்டு வளர்ந்த மக்களுக்கு அவர்கள் மண்ணில் விளைந்த தானியமே திரும்ப வருவதை யார்தான் வரவேற்கமாட்டார்கள்? குவிண்டாலுக்கு 2022-23ல் 3,578 ரூபாயாக இருந்த ஆதார விலை, 2025-26 பருவத்துக்கு 4,886 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் விலை எவ்வளவு உயர்ந்தாலும், ஈரப்பதமானி என்னும் வாசலைக் கடந்த பிறகே அது குடியானவன் கைக்கு எட்டும். காவிரிப் படுகையின் நெல்லுக்கு 17 சதவீதம் என்றிருந்த ஈர எல்லையை, மழையை முன்னிட்டு 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் 19 சதவீதமாகத் தளர்த்தியதை நேயர்கள் அறிவார்கள். இரண்டு சதவீதத்துக்காக ஒரு மாகாணமே மன்றாட வேண்டியிருந்தது. அந்த இரண்டு சதவீதத்தை அளக்கும் கருவியைப்பற்றி எத்தனை பேர் கேள்வி கேட்டோம்?

இக்கருவி ஈரத்தை நேரில் காண்பதில்லை. மின்சாரத்தின் வாயிலாக ஊகிக்கிறது. ஒருவகைக் கருவி, தானியத்தினூடே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்க்கும். மற்றொரு வகை, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே தானியத்தை வைத்து, அத்தகடுகள் எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கி நிற்கின்றன என்று அளக்கும். தகடுகளின் நடுவே ஒன்றுமில்லாதபோது அந்த அளவை 1 என்று கொண்டால், சாதாரண உஷ்ணத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது அது சுமார் 80 ஆகிறது. நன்கு உலர்ந்த தானியத்துக்கோ ஒற்றை இலக்கந்தான். ஆகவே தானியத்தில் நீர் சிறிது கூடினாலும் எண் உயர்ந்துவிடும்.

நீருக்கு ஏன் இந்தத் தனிச் சிறப்பு? நீரின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு புறம் நேர் மின்னும் மறுபுறம் எதிர் மின்னும் கொண்டது. காந்த ஊசி வடக்கு நோக்குவதுபோல, மின்விசை இருக்கும் திசைக்கு அது திரும்பும். ஆனால் திரும்புவதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தைக் கணக்கிடும் வழியை 1913ல் வகுத்தவர் ஹாலந்தில் பிறந்த பீட்டர் டெபை என்னும் அறிஞர். 1936ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். சாதாரண உஷ்ணத்தில் தண்ணீரின் மூலக்கூறுகள் இவ்வாறு திரும்ப எடுத்துக்கொள்ளும் காலம், ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் அதில் சுமார் எட்டுப் பங்கு. அதே நீர் உறைந்து பனிக்கட்டியானதும், ஒரு விநாடியின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு தேவைப்படுகிறது. உறையும் நிலையிலுள்ள தண்ணீரோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பத்து லட்சம் மடங்கு தாமதம்! பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளால் கட்டுண்டு கிடப்பதே இதற்குக் காரணம். நீர் ஒன்றே, கட்டு வேறு, ஆகவே நடத்தையும் வேறு.

இவ்விஞ்ஞானம் நமக்கு அந்நியமானதன்று. தண்ணீர் மூலக்கூறுகள் ஈடுகொடுக்க இயலாமல் தடுமாறும் மின் அலையின் நீளம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். அத்தகைய குற்றலைகளை 1895 முதலே கல்கத்தாவில் உண்டாக்கி ஆராய்ந்தவர் நம் ஜகதீச சந்திர போஸ்.

இனி ராகிக்கு வருவோம். விதைக்குள் இருக்கும் நீர் கிணற்று நீரைப்போல் சுயேச்சையானதன்று. பனிக்கட்டியைப்போல் முற்றிலும் கட்டுண்டதுமன்று. மாவுப் பொருளோடும் புரதத்தோடும் ஒட்டி, இரண்டுக்கும் நடுவான நிலையில் நிற்பது. நம் உடலின் தசையிலும் ரத்தத்திலும்கூட ஒரு பகுதி நீர் இவ்வாறே இருக்கிறது. எனவே கருவி காட்டும் எண், நீரின் அளவை மாத்திரமல்லாமல், அந்த நீர் எவ்வாறு பிடிபட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது. நெல்லுக்கு வகுத்த கணக்கு ராகிக்குப் பொருந்தாது. உஷ்ணத்துக்கு ஏற்றபடி திருத்தாவிட்டால், சூடான தானியம் உள்ளதைவிட அதிக ஈரமாகத் தோன்றும். நடுப்பகல் வெயிலில் காயவைத்துச் சூடு ஆறுமுன் கொண்டுவந்தவனுக்கு, அந்த வெயிலே விரோதியாகக்கூடும்! மார்கழிப் பனி தானியத்தின்மேல் படிந்திருந்தால் அதுவும் கணக்கைக் குழப்பும். நெருக்கி நிரப்பினால் ஓர் எண், தளர நிரப்பினால் வேறோர் எண். அமெரிக்காவில் இத்தொல்லைகளைக் குறைப்பதற்காகவே, விநாடிக்குச் சுமார் 15 கோடி முறை மாறும் மின்சாரத்தைக் கொண்டு அளக்கும் முறையை 2012 முதல் சர்க்கார் பரிசோதனையில் கைக்கொண்டனர்.

பிழையின் விலை என்ன? 12 சதவீத ஈரமுள்ள 100 கிலோ ராகியைக் கருவி 14 என்று தவறாகக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். குடியானவன் அதைத் திரும்ப எடுத்துப்போய் 10 சதவீதம் வரை உலர்த்துகிறான். இப்போது எடை சுமார் 97 கிலோ 800 கிராம். 2025-26 விலையில் குவிண்டாலுக்கு 100 ரூபாய்க்கு மேல் நஷ்டம். வண்டிச் சத்தமும் கூலியும் ஒரு நாள் வேலையும் தனி. அலுத்துப்போய் வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டால் நஷ்டத்துக்கு அளவேயில்லை.

மறுபக்கத்தையும் கூறுவது நம் கடமை. ஈர எல்லை வேண்டாமென்று நாம் வாதிக்கவில்லை. ஈரத் தானியத்தைக் கிடங்கில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். பங்கீட்டுக் கடையில் அதை வாங்கும் ஏழையின் வயிறே கெடும். கருவி குறைத்துக் காட்டுவதும் பிழையே. சட்டம் வேண்டும், சாட்சியும் வேண்டும். ஆனால் குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சியை எந்த நியாயஸ்தலமும் அப்படியே ஏற்பதில்லை. எடையளவுச் சட்டத்தின்படி வியாபாரியின் தராசுக்கு முத்திரை கேட்கிறோம். சர்க்கார் மேஜைமேல் இருக்கும் பெட்டிக்கும் அதே பரீட்சையைக் கேட்பதில் என்ன தவறு?

நாம் கோருவன சிலவே. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், வெப்பப் பெட்டியில் உலர்த்தி எடைபோட்டு ஈரம் அறியும் மூல முறையோடு ஒவ்வொரு கருவியையும் ஒப்பிட வேண்டும், அதுவும் ராகியைக்கொண்டே. ஒப்பிட்ட தேதியையும் கண்ட வித்தியாசத்தையும் நிலையத்தின் வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். தானியம் சூடு ஆறிய பிறகு, குடியானவன் கண்ணெதிரில், மூன்று மாதிரிகள் எடுத்துச் சராசரி காண வேண்டும். முடிவை அவன் மறுத்தால் இரண்டாவது பரீட்சைக்கு உரிமை இருக்க வேண்டும்.

இதற்கு வேண்டிய அறிவு வெகு தூரத்தில் இல்லை. சுப்பிரமணிய சிவா 1925ல் தம் கடைசி மூச்சை விட்ட பாப்பாரப்பட்டியிலேயே இன்று வேளாண்மை அறிவியல் நிலையம் இருக்கிறது. அத்தகைய ஸ்தாபனங்களின் துணையோடு இவ்வேலையை நடத்தலாம். ஊர்தோறும் உள்ள ஊழியர்களுக்கும் நம் விண்ணப்பம் ஒன்று உண்டு. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்துக்கு ஒருமுறை செல்லுங்கள். கோஷம் வேண்டியதில்லை. "இக்கருவியைக் கடைசியாகப் பரீட்சித்தது எப்போது, ராகிக்கா நெல்லுக்கா?" என்று அமைதியாகக் கேளுங்கள். விடையை எழுதி வாங்குங்கள். பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் வானம் பார்த்து விதைத்தவனுக்கு, அவன் விதைக்குள் இருக்கும் நீரையாவது நியாயமாக அளந்து கொடுப்போம்.