முதலில் பார்க்க வேண்டியது எது?

நோயாளியைப் பார்த்து நோயை அறியும் கலை தமிழர்க்குப் புதியதன்று. சித்த மருத்துவர்கள் நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் ஆகிய எட்டையும் ஆராய்ந்து பிணியின் தன்மையைத் துணிவர். இதற்கு எண்வகைத் தேர்வு என்று பெயர். அமைதியும் நேரமும் வேண்டும் தேர்வு அது. ஆனால், மூச்சுத் திணறிக் கிடப்பவர்க்கு அத்துணை நேரம் ஏது? ஆகவே அவசர மருத்துவம் வேறொரு வினாவுடன் தொடங்குகிறது. 'இவருக்கு வந்த நோய் யாது?' என்பதன்று அவ்வினா. 'இவருடைய உயிரை முதலில் பறிக்கக்கூடியது எது?' என்பதே அது.

போர்க்களத்தில் வலுப்பெற்ற வினா இது. 1790களில் பிரெஞ்சுப் படை மருத்துவர் டொமினிக் லாரே, காயமுற்றோரை விரைந்து எடுத்துவரக் குதிரை வண்டிகளை அமைத்தார். தளபதிக்கு முதலிடம், சிப்பாய்க்குப் பின்னிடம் என்ற முறையை அவர் ஏற்கவில்லை. காயத்தின் கடுமையே வரிசையை முடிவு செய்தது. நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் பணி, 2008-இல் தமிழ்நாட்டிற்கு வந்தது. புதுச்சேரியிலும் அவ்வெண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். அதில் வரும் மருத்துவ உதவியாளர் நோயாளியை எவ்வாறு மதிப்பிடுகிறார் என்பதைக் காண்போம்.

பாகூர்ப் பகுதியில், தென்பெண்ணையாற்றை அடுத்துள்ள சோரியாங்குப்பத்தை நினைத்துக்கொள்வோம். வயலும் வரப்பும் சூழ்ந்த இத்தகைய ஊர்களில் பாம்புக்கடி என்றும் உள்ள அச்சம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர் வட்டாரத்தில் வெள்ளம் புகுந்தது. வெள்ளக் காலத்தில் வளைகளை இழந்த பாம்புகள் வீடுகளை நாடி வருவது இயல்பு.

ஒரு விடியற்காலையில் இருவருக்காக ஆம்புலன்ஸ் வருகிறது என்று கொள்வோம். ஒருவர் வரப்பில் வழுக்கி விழுந்து கை முறிந்து அலறுகிறார். மற்றொருவர் திண்ணையில் சாய்ந்தபடி, 'வயிறு வலிக்கிறது; கண்ணைத் திறக்க முடியவில்லை' என்று மெல்லச் சொல்கிறார். கூட்டம் அலறுகிறவரையே சுட்டிக்காட்டுகிறது. உதவியாளர் யாரிடம் முதலில் செல்ல வேண்டும்?

அவர் முதலில் பார்ப்பது இடத்தை. அறுந்த மின்கம்பியோ பாம்போ அருகில் இருந்தால், உதவ வந்தவரும் நோயாளி ஆகிவிடுவாரன்றோ? அடுத்து, பீறிட்டுப் பாயும் குருதி உண்டா என்று காண்கிறார். இருந்தால் அழுத்தி நிறுத்துகிறார். பிறகு மூச்சு வழி. அலறுகிறவருடைய மூச்சு வழி திறந்திருக்கிறது என்பதற்கு அவருடைய அலறலே சான்று! மெல்லப் பேசுகிறவரோ எச்சிலை விழுங்க முடியாமல் தவிக்கிறார். இமைகள் தாமே சரிகின்றன. இவை அபாயக் குறிகள்.

மூன்றாவது, மூச்சு. ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். எண்ணிக்கை மட்டும் போதாது. மார்பு நன்கு விரிகிறதா என்றும் காண வேண்டும். நான்காவது, குருதி ஓட்டம். நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. நகத்தை அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஐந்தாவது, உணர்வு நிலை. கண் திறத்தல், பேச்சு, உறுப்பசைவு ஆகிய மூன்றிற்கும் மதிப்பெண் இடும் கிளாஸ்கோ அளவுமுறை 1974-இல் வகுக்கப்பட்டது. அதன் குறைந்த எண் 3, நிறைந்த எண் 15. இறுதியாக, மறைந்துள்ள காயங்களைக் காண ஆடையை விலக்கி உடல் முழுவதையும் பார்க்கிறார்.

திண்ணையில் இருப்பவரின் உடலில் காயம் ஏதும் தென்படவில்லை. ஆயினும் உதவியாளர் ஏமாறுவதில்லை. 'இரவு எங்கே படுத்திருந்தீர்கள், ஐயா?' என்று கேட்கிறார். 'தரையில்' என்று விடை வருகிறது. கட்டுவிரியன், உறங்குவோரை இரவில் கடிக்கும். கடிவாயில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. நஞ்சு தசைகளைத் தளரச் செய்து மூச்சை நிறுத்தும். ஆகவே அமைதியாக இருப்பவரே முதல் நோயாளி. கையை அசையாமல் கட்டிவிட்டால், மற்றவர் சிறிது காத்திருக்கலாம்.

மதிப்பீடு ஒருமுறையோடு முடிவதன்று. நிலை கடுமையாக இருப்பின் ஏறத்தாழ ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை மூச்சு வழியிலிருந்து மீண்டும் தொடங்குகிறார். மூச்சுத் தளர்ந்தால் முகமூடிப் பையால் காற்றை ஊட்டுகிறார். கண்டவற்றை மருத்துவமனைக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறார். நஞ்சு முறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் அங்கே ஆயத்தமாக இருக்க வேண்டுமல்லவா?

மாணவ நேயர்களே, ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளியின் அருகில் இருப்பவர்கள் நாம்தாம். கடிவாயை அறுப்பதும், நஞ்சை உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கு தரும். கடிபட்ட உறுப்பை அசைக்காது வைத்து, 108-ஐ அழையுங்கள். இடம் எது, எத்தனை பேர், உணர்வு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்ற நான்கிற்கும் தெளிவாக விடை கூறுங்கள். அலறலைக் கேட்க எவராலும் இயலும். அமைதியாகக் கிடப்பவரை அணுகி அவருடைய மூச்சைக் கவனிப்பதற்கே பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை இளமையிலேயே பெறுவது நம் கடமை.