சிங்கப்பூர் ஆற்றுமுகப் பாறையும் படாங் கதையும்

முன்னுரை

ஓர் ஊரின் குன்று, பாறை, ஆறு ஆகியவற்றைப் பற்றி அவ்வூர் மக்கள் வழிவழியாகக் கூறிவரும் கதைகளை நாட்டார் வழக்காற்றியலார் இடஞ்சார்ந்த பழமரபுக் கதைகள் என்பர். கண்முன் நிற்கும் வியப்புக்குரிய பொருளுக்குக் காரணம் கற்பிப்பது இவற்றின் முதன்மையான இயல்பாகும். இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில், ரட்ஸ்டன் எனும் சிற்றூரின் தேவாலயத்தை அடுத்து நிற்கும் நெடுங்கல், அத்தேவாலயத்தைக் குறிவைத்துச் சாத்தான் எறிந்ததாகக் கூறப்பெறுகிறது. சிங்கப்பூரின் புக்கிட் மேரா குன்று சிவந்திருப்பதற்கு, அரசன் ஆணையால் கொல்லப்பட்ட அறிவுமிக்க சிறுவனின் குருதியே காரணம் என்பர். இவ்வகையுள் தென்னிந்தியத் தொடர்புடைய ஒரு கதையை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கதை

மலாய் வரலாற்று இலக்கியமான 'செஜாரா மெலாயு' படாங் என்பானின் கதையைக் கூறுகிறது. அடிமையாக இருந்த படாங், ஆற்றில் தான் வைத்த பொறியிலிருந்து மீன்களைத் தின்றுவந்த பூதத்தைப் பிடித்து, அதனிடமிருந்து பெரும் வலிமை பெற்றான். பின்னர்ச் சிங்கப்பூர் அரசனின் படைத்தலைவருள் ஒருவனானான். அவன் புகழைக் கேள்வியுற்ற கலிங்க மன்னன், தன் மல்லனை ஏழு கப்பல்களுடன் அனுப்பினான். அக்கப்பல்களே பந்தயப் பொருள். அரண்மனை முன்றிலில் கிடந்த பாறையை அம்மல்லன் முழங்கால் அளவே தூக்கினான். படாங்கோ அதனைத் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்தில் எறிந்தான். பிற்காலத்தில் படாங் இறந்தபோது, அவன் கல்லறைக்கெனக் கலிங்க மன்னன் கல்தூண்களை அனுப்பினான் என்றும் அந்நூல் கூறும்.

மலாய் நூல்களில் 'கெலிங்' எனப்படுவது கலிங்கம் எனும் சொல்லின் வழிவந்ததாயினும், தென்னிந்தியாவைப் பொதுவாகச் சுட்டுவதாகும். இந்நூலின் தொடக்கப் பகுதியில், படிக்குப் படி சூலன், சூரன் எனப் பெயர் மாறும் கெலிங் மன்னன் ஒருவன் தெமாசெக் வரை வருகிறான். சிங்கப்பூரை நிறுவிய சாங் நீல உத்தமன் அவன் வழியினன். ஆக, ஒரே நூல் தென்னிந்திய மன்னனை மூதாதையாகப் போற்றுகிறது. தென்னிந்திய மல்லனைத் தோற்கச் செய்கிறது. இறுதியில் அம்மன்னனே வென்றவனுக்கு நினைவுத்தூண் அனுப்பவும் செய்கிறது. உறவும் போட்டியும் மதிப்பும் ஒருங்கே அமைந்த இத்தன்மை ஊன்றி நோக்கத்தக்கது.

பாறை

ஆங்கிலேயர் குடியேற்றம் நிறுவிய 1819ஆம் ஆண்டில், ஆற்றுமுகத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் ஐம்பது வரி எழுத்துகளும் கொண்ட பாறையொன்று கண்டறியப்பட்டது. படாங் எறிந்த பாறை இதுவே எனப் பலர் கருதுவர். தமிழும் கற்றிருந்த முன்ஷி அப்துல்லா தம் 'ஹிக்காயத் அப்துல்லா' நூலில் ஒரு சுவையான செய்தியைப் பதிவு செய்துள்ளார். இந்தியர் அதனை இந்து எழுத்து என்றனர்; சீனர் சீன எழுத்து என்றனர்; அவருக்கோ அரபு எழுத்தைப் போலத் தோன்றியது. படிக்கத்தான் எவராலும் இயலவில்லை.

1843ஆம் ஆண்டு கட்டுமானப் பணிக்காக அப்பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஜேம்ஸ் லோ மீட்ட சில துண்டுகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டன. பின்னர்ச் சிங்கப்பூருக்குத் திரும்பிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இடம்பெற்றது. 2019ஆம் ஆண்டு இயன் சின்கிளேர் எனும் ஆய்வாளர், எஞ்சிய எழுத்துகளுள் 'கேசரிவ' எனப் படிக்கத்தக்க பகுதி உண்டென்றும், அது 'பரகேசரிவர்மன்' எனும் சோழர் பட்டப்பெயரின் கூறாகலாம் என்றும் கருத்துரைத்தார்.

முடிவுரை

இக்கருத்து தமிழருக்கு உவகை தருவது இயல்பே. முதலாம் இராசேந்திரன் பரகேசரி எனும் பட்டம் பூண்டவன். 1025ஆம் ஆண்டளவில் கடாரம்வரை கடற்படை செலுத்தியவன். எனினும் அவனது மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்ப்பெயர்களுள் தெமாசெக் இல்லை. சிதைந்த ஒரு துண்டின் சில எழுத்துகளைக் கொண்டு ஒரு தீவின் வரலாற்றை முடிவுசெய்தல், அன்று அவரவர் தத்தம் எழுத்தையே அப்பாறையில் கண்டதற்கு ஒப்பாகும். கல்வெட்டு மெய்ப்பிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியதே. ஆயின் படாங் கதை உணர்த்தும் உண்மைக்கு அக்காத்திருப்பு வேண்டுவதில்லை. இத்தீவின் பழங்கதையில் தென்னிந்தியர் அயலாராக அல்லர், மூதாதையராகவும் போட்டியாளராகவும் நண்பராகவும் நினைக்கப்பட்டுள்ளனர். இடஞ்சார்ந்த கதைகளை வெற்றிச் சான்றாகக் கொள்ளாமல் உறவின் பதிவாகப் பயில்வதே ஆய்வுக்கு ஏற்றதாகும்.