எலி சொன்ன பதில் சரி, கேள்விதான் வேறு

‘ரத்தக்குழாய் அடைப்புக்கு இனி மாத்திரை போதும்’ என்ற செய்தித் துணுக்கைக் கத்தரித்து அனுப்பியிருக்கிறார் வாசகர் ஒருவர். ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆகிறதாம். ‘இது கடைக்கு வந்துவிட்டால் இப்போது விழுங்குகிற மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?’ என்று கேட்கிறார். துணுக்கை இரண்டு முறை படித்தேன். கடைசிக்கு முந்தைய வரியில், யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பதுபோல் ஒரு சொல் பதுங்கியிருந்தது: ‘எலிகளில்’.

எலியின் தமனி சாதாரணமாக அடைத்துக்கொள்வதே இல்லை. அதன் ரத்தத்தில் கொழுப்பின் பெரும்பகுதி ‘நல்ல கொழுப்பு’ என்று டாக்டர்கள் சொல்லும் ஹெச்.டி.எல். வடிவில்தான் ஓடுகிறது. வராத நோய்க்கு அதனிடம் மருந்து தேட வேண்டுமானால், முதலில் நோயை நாம் செய்து கொடுத்தாக வேண்டும்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1913-ல் ரஷ்யாவின் நிக்கொலாய் அனிச்கோவ் கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். தமனிகளில் கொழுப்பு படிந்தது. எலிக்கு அதே விருந்து வைத்தால் ஒன்றும் ஆகவில்லை. 1992-ல் அமெரிக்காவில் அபோ-இ என்ற மரபணுவை நீக்கிச் சுண்டெலிகளை உருவாக்கிய பிறகுதான் சுண்டெலிக்கும் அந்த நோய் ‘கைவந்தது’. போதும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு சோதனை. இதில் கொழுப்புக்கு வேலையே இல்லை. மயக்கத்தில் கிடக்கும் எலியின் கழுத்துத் தமனிக்குள், ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத பலூன் குழாயை நுழைத்து, லேசாக ஊதி, இழுப்பார்கள். மூன்று முறை. தமனியின் உட்படலம் சுரண்டப்பட்டு வந்துவிடும். இரண்டு வாரம் கழித்து அந்தத் தமனியைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் வைத்தால், நெளிநெளியாக ஒரு கருங்கோடு தெரியும். அது மீள்சவ்வு. அதற்கு உட்புறம் முன்பு செல்களின் ஒற்றை அடுக்கு மட்டுமே இருந்தது. இப்போது தடித்த புதுச் சுவரே எழும்பியிருக்கும்.

கட்டியது யார்? கோட்டுக்கு வெளியே தமனியைச் சுருக்கி விரித்துக்கொண்டிருந்த மென்தசை செல்கள். தமனியைத் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் தெருவோர வீட்டுக்காரர்கள். மீள்சவ்வு அவர்களுடைய காம்பவுண்டு சுவர். தெருவில் ரகளை நடந்த சத்தம் கேட்டதும் பார்த்துவந்த வேலையைப் போட்டுவிடுகிறார்கள். ஓரிரு நாளில் வீட்டில் ஆள் பெருகுகிறது. நான்காம் நாள் வாக்கில் சுவரில் இருக்கும் ஓட்டைகள் வழியே ஒவ்வொருவராகத் தெருவில் இறங்குகிறார்கள். முதலில் ஒரு கீற்றுக் கொட்டகை, அங்கேயே பிள்ளைகுட்டி, பிறகு செங்கல், சிமென்ட் (செல்களின் மொழியில் கொலாஜன்). தெரு பாதியாகிவிடுகிறது. பட்டா கேட்காததுதான் பாக்கி.

1977-ல் சூரிக்கில் ஆந்திரியாஸ் குருன்சிக் இதயத் தமனியில் முதன்முதலாகப் பலூன் சிகிச்சை செய்தார். பிறகு அது உலகமெங்கும் பரவியது. ஆனால் மூன்றில் ஒருவருக்காவது சில மாதங்களில் அதே இடம் மீண்டும் குறுகியது. காரணம் இந்த ஆக்கிரமிப்புதான் என்று எல்லோரும் நம்பினார்கள். சிலாசாப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்து எலியில் புதுச் சுவரை ஏறக்குறைய 80 சதவீதம் குறைக்கிறது என்று 1989-ல் கட்டுரை வந்தது. உற்சாகம் கரைபுரண்டது. ஐரோப்பாவில் சுமார் 700 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். 1992-ல் முடிவு வெளியானது. வெறும் மாத்திரை விழுங்கியவர்களுக்கும் மருந்து விழுங்கியவர்களுக்கும் வித்தியாசமில்லை.

எடைக்கு எடை பார்த்தால் எலிக்குக் கொடுத்த மருந்து மிக அதிகம் என்பது ஒரு காரணம். ஆனால் சுவையான காரணம் வேறு. தமனிக்குள்ளேயே அல்ட்ராசவுண்டு கருவியை விட்டுப் பார்க்க முடிந்த பிறகுதான் அது தெரிந்தது. பலூன் சிகிச்சைக்குப் பிறகு மனிதரில் ஏற்படும் குறுகலில் பெரும்பங்கு புதுச் சுவரால் வந்ததல்ல. காயம்பட்ட தமனி முழுதாகவே சுருங்கியிருந்தது. தெருவில் கொட்டகை போட்டது கொஞ்சம்தான். இரு பக்க வீடுகளுமே தெருவை நோக்கி நகர்ந்துவிட்டன! வீடு நகருமா என்று கேட்காதீர்கள், உவமையை இவ்வளவு தூரம் இழுத்து வந்தபிறகு நடுத்தெருவில் விட முடியாது. எலி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்டது ஆக்கிரமிப்பைப் பற்றி. மனிதருக்கு இருந்தது நகர்கிற வீடு.

வீடு நகராமல் இரும்புத் தூண் நட்டு முட்டுக்கொடுப்பதுதான் ஸ்டென்ட். அது நகர்வதை நிறுத்தியது, கொட்டகைக்காரர்களை நிறுத்தவில்லை. தூண்களைச் சுற்றியே கட்ட ஆரம்பித்தார்கள். ஆக, எலியின் பழைய பதிலுக்கு இப்போதுதான் பொருத்தமான கேள்வி கிடைத்தது. ஆனால் அதைக் கேட்கப் பன்றியிடம் போனார்கள். பன்றியின் இதயத் தமனி ஏறக்குறைய நம் அளவு. நமக்கு வைக்கும் ஸ்டென்டையே அதற்கும் வைக்கலாம். கம்பி எவ்வளவு ஆழம் கிழிக்கிறதோ அவ்வளவு தடிப்பாகச் சுவர் வளரும் என்று காட்டியது பன்றிதான். ஈஸ்டர் தீவு மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தந்த சிரோலிமஸ் என்ற மருந்தை ஸ்டென்டில் பூசியபோது, பன்றியிலும் செல்கள் பெருகுவது அடங்கியது, மனிதரிலும் அடங்கியது. 2003-ல் அமெரிக்காவில் அந்த ஸ்டென்டுக்கு அனுமதி கிடைத்தது.

இனி வாசகரின் கேள்வி. சிரோலிமஸுக்கு ஆள் அடையாளம் தெரியாது. கொட்டகைக்காரர்களைத் தடுக்கும் அதே வேகத்தில், கம்பியை மூடி வளர வேண்டிய உட்படலத்தையும் தாமதப்படுத்துகிறது. மூடாத கம்பியைக் கண்டால் ரத்தம் உறையப் பார்க்கும். மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் இன்னொரு மாத்திரையும் சேர்த்து மாதக்கணக்கில் கொடுப்பது இதனால்தான். நான்காம் மாதத்தில் இருக்கும் அன்பருக்குச் சொல்கிறேன்: எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை ஸ்டென்ட் வைத்த டாக்டர் சொல்லட்டும். துணுக்கை நான் கோப்பில் வைத்துக்கொள்கிறேன். பன்றிக்குக் கொடுத்துப் பார்த்த செய்தி வந்தால் மறுபடி எழுதுங்கள்.