அந்தக் கயிறு எங்கே போகிறது?

ஆன்லைனில் பாய்மரக் கப்பல் மாடல் ஒன்றைப் பார்த்துவிட்டு, "வாங்கலாமா?" என்று படத்தை அனுப்பிக் கேட்கிறவர்கள் உண்டு. படத்தில் ஒரு குறையும் தெரியாது. மூன்று பாய்மரம், அடுக்கடுக்காகப் பாய், பளபளக்கும் வார்னிஷ், பித்தளையில் பெயர்ப்பலகை. கூடவே 'முழுக்கக் கையால் செய்தது', 'மியூசியம் தரம்' என்ற வாசகங்கள். ஆனால் கப்பல் மாடல் செய்வதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால், அரை நிமிடம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அப்படி என்னதான் அவர் கண்ணில் படுகிறது? ஒரு டீயில் முடிகிற கதையில்லை. இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கப்பல் வேண்டும். மாடல் கடைகளில் அடிக்கடி கண்ணில் படுகிற 'கட்டி சார்க்'கையே எடுத்துக்கொள்வோம். டீ குடித்துக்கொண்டு பேச அதைவிடப் பொருத்தமான கப்பல் கிடையாது. சீனாவிலிருந்து லண்டனுக்குத் தேயிலை கொண்டுவருவதற்கென்றே ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் அதைக் கட்டி, 1869 நவம்பர் 22 அன்று நீரில் இறக்கினார்கள். அந்த வருடத்துப் புதுத் தேயிலையோடு முந்தி வருகிற கப்பலுக்குத்தான் மவுசு என்பதால், வேகத்தை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள். சோதனையைப் பாருங்கள், ஐந்தே நாள் முன்புதான் சூயஸ் கால்வாய் திறந்திருந்தது. நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியில் வர ஆரம்பித்தன. எட்டு முறை தேயிலை ஏற்றியதோடு கட்டி சார்க்கின் அந்த வேலை முடிந்தது. பிறகு ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றித்தான் அது பெரிய பெயர் எடுத்தது. இன்றும் லண்டன் கிரீனிச்சில் தரைமேல் நிற்கிறது. அசலை நேரில் போய்ப் பார்க்கலாம், அளவுகளும் கிடைக்கின்றன. ஆகவே மாடல் செய்பவர் சாக்குச் சொல்ல வழியில்லை.

முதலில் பார்க்க வேண்டியது ஸ்கேல். மூக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தால் அசல் கப்பலின் நீளம் சுமார் 85 மீட்டர். அலமாரியில் வைக்கிற மாடல் 42 சென்டிமீட்டர் என்றால், ஏறக்குறைய 200-ல் ஒரு பங்கு. அதாவது மாடலில் 1 மில்லிமீட்டர், கப்பலில் 20 சென்டிமீட்டர். இந்தக் கணக்கில் நடுத்தர உயரமுள்ள ஒரு மாலுமி எட்டரை மில்லிமீட்டர்தான் இருப்பார். அவரை மாடலின் மேல்தளத்தில் நிறுத்திப் பாருங்கள்.

தளத்துப் பலகைகள் 5 மில்லிமீட்டர் அகலத்தில் கோடு போடப்பட்டிருக்கின்றன. அப்படியானால் ஒவ்வொரு பலகையும் 1 மீட்டர் அகலம். அவ்வளவு அகலப் பலகையை எந்தக் கப்பலிலும் தளத்துக்குப் போடுவதில்லை. ஓரத்துக் கைப்பிடிச் சுவர் 12 மில்லிமீட்டர். நம் மாலுமிக்கு அது 2.4 மீட்டர் மதில், கடலை எட்டிப் பார்க்க ஏணி கேட்பார். சரி, ஏணிக்கே வருவோம். பாய்மரத்தில் ஏறுவதற்காக இருபக்கமும் கயிற்றேணி உண்டு. அதில் படிக்கும் படிக்கும் நடுவே அசலில் 35 முதல் 40 சென்டிமீட்டர் இருக்கும். இந்த மாடலில் அது 2 மில்லிமீட்டராக வர வேண்டும். மலிவு மாடல்களில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி சாதாரணம். இரண்டு மீட்டருக்கு ஒரு படி என்றால் யார் ஏறுவது? நூலின் தடிமனும் அப்படித்தான். 1 மில்லிமீட்டர் நூல், கப்பலில் 20 சென்டிமீட்டர் தடிமன் வடம். இரண்டு கையையும் சேர்த்தாலும் பிடிக்க முடியாது.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கணக்குதான். ரேகை பெரிதாக ஓடும் மரம் நாற்காலிக்கு அழகு. சின்ன மாடலில் அந்த ரேகைகள் அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். அனுபவசாலிகள் பாக்ஸ்வுட், பேரி மரம் என்று ரேகை தெரியாத மரங்களைத் தேடிப் போவது இதனால்தான்.

அடுத்தது கயிறு. நல்ல மாடலுக்கும் ஒப்பேற்றிய மாடலுக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் இங்கேதான் வெளிச்சமாகும். பாய்மரக் கப்பலில் கயிறு இரண்டு வகை. பாய்மரங்களை விழாமல் பிடித்துக்கொண்டு, அசையாமல் நிற்பது ஒரு வகை. வெயிலும் உப்புநீரும் தின்றுவிடாமல் இருக்கத் தார் பூசுவார்கள் என்பதால் இவை கறுப்பு. பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் மாலுமிகள் இழுப்பது இன்னொரு வகை. இவை வெளிறிய சணல் நிறம். மாடலில் எல்லாக் கயிறும் ஒரே பழுப்பு நூலாக இருந்தால், செய்தவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இனி ஒரே ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே போய்ப் பாருங்கள். பாய் தொங்கும் குறுக்குக் கட்டையின் நுனியில் ஒரு கயிறு இருக்கும். காற்றுக்கு ஏற்ப அந்தக் கட்டையைத் திருப்புவது அதன் வேலை. திருப்புகிற ஆட்கள் நிற்பது கீழே தளத்தில். ஆகவே கட்டை நுனியில் கிளம்பும் கயிறு எந்த வழியாகப் போனாலும், கடைசியில் கப்பிகள் வழியாகத் தளத்துக்கு இறங்கி, ஓரத்தில் வரிசையாகச் செருகியிருக்கும் மர முளை ஒன்றில் கட்டப்பட்டாக வேண்டும். மலிவு மாடலில் அது பக்கத்துப் பாய்மரம்வரை போய், ஒரு முடிச்சும் ஒரு சொட்டுப் பசையுமாக அங்கேயே நின்றுவிடும். இழுக்க ஆளில்லாத கயிறு.

பக்கவாட்டுக் கறுப்புக் கயிறுகளின் அடிமுனையையும் பெரிதாக்கிப் பாருங்கள். கட்டி சார்க்கில் அங்கே மூன்று துளையுள்ள மர வட்டுகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடியின் நடுவே மெல்லிய கயிற்றை மாற்றி மாற்றிக் கோத்திருப்பார்கள். பெரிய கயிறு தளர்ந்தால் இந்தச் சின்னக் கயிற்றை இழுத்து முறுக்கேற்றலாம். மலிவு மாடலில் அந்த இடத்தில் ஒரு மணி இருக்கும், இல்லாவிட்டால் நூலை ஓட்டைக்குள் விட்டு ஒட்டியிருப்பார்கள். ஓட்டையைச் சுற்றி வெள்ளையாய்ப் பூத்திருப்பது பசை. நூலில் பிசிறு தெரிகிறதா என்றும் பாருங்கள். கைதேர்ந்தவர்கள் நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பிசிறை அடக்கிவிட்டுத்தான் கட்டுவார்கள்.

பாயில் என்ன பார்ப்பது? கெட்டித் துணியில் தையல் மெஷின் ஓடியிருந்தால் சந்தேகப்படுங்கள். 3 மில்லிமீட்டர் தையல் என்பது கப்பலில் 60 சென்டிமீட்டர். பழங்காலத் தோற்றத்துக்காகப் பாயை அடர்பழுப்பில் முக்கி எடுப்பதும் உண்டு. நிறமேற்றுவது ஒன்றும் குற்றமில்லை. பாய்த் துணியை டீத் தண்ணீரில் ஊறவைப்பது இந்தப் பொழுதுபோக்கில் பழைய கைவேலைதான். புதுத்துணியின் பளீர் வெள்ளை போனால் போதும், அதற்கு மேல் கறை. நிறையப் பேர் பாயே கட்டாமல் விட்டுவிடுவதும் உண்டு. கயிறு வேலை தெரிய வேண்டாமா?

எல்லாவற்றிலும் சுலபமான சோதனை கொடி. பாய்கள் நேராக முன்பக்கம் புடைத்திருந்தால் காற்று பின்னாலிருந்து வருகிறது. அந்தக் காற்றில் கொடியும் முன்பக்கம்தான் பறக்க வேண்டும். ஓடும் காரில் கொடி பின்னால் பறப்பதைப் பார்த்துப் பழகிய கை, கப்பலுக்கும் பின்பக்கம் பறக்க விட்டு ஒட்டிவிடும். ஒரே கப்பலில் இரண்டு திசைக் காற்று.

கடைசியாகக் கப்பலின் உடல். கட்டி சார்க்கின் எலும்புக்கூடு இரும்பு, மேலே பலகை. வெறும் இரும்பு உடலாக இருந்தால் செம்புத் தகடு போர்த்த முடியாது, இரண்டும் கடல்நீரில் சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். தகடு இல்லாவிட்டால் பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டு வேகம் போய்விடும். நடுவே பலகை வைத்ததால், 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் கலந்த தகட்டை அடியில் போர்த்த முடிந்தது. ஆகவே நீருக்குக் கீழே உடல் பொன்மஞ்சளாக இருக்க வேண்டும். மூக்கில் இருக்கும் பெண் சிலை நீட்டிய கையில் குதிரை வாலைப் பிடித்திருப்பாள். அது ராபர்ட் பர்ன்ஸ் எழுதிய கதைக்கவிதையில் வரும் சூனியக்காரி நேனி. மாடலில் அடிப்பாகம் வார்னிஷ் அடித்த மரமாகவும், மூக்கில் யாரோ ஒரு தேவதையும் இருந்தால், பெயர்ப்பலகையில் மட்டும்தான் அது கட்டி சார்க்.

இத்தனை தவறு எப்படி வருகிறது? கைத்திறன் குறைவென்று சொல்ல மாட்டேன். வியட்நாமிலும் மொரீசியஸின் கியூர்பிப்பிலும் கப்பல் மாடல் பட்டறைகள் உண்டு. நல்ல விலையும் நல்ல வரைபடமும் கொடுத்தால் அசத்தலாகச் செய்து கொடுக்கக்கூடிய கைகள் அங்கே இருக்கின்றன. மலிவுச் சரக்குக்கு இரண்டும் கிடைப்பதில்லை. கப்பலின் வரைபடத்துக்குப் பதிலாக இன்னொரு மாடலை முன்னால் வைத்து, அதைப் பார்த்துச் செய்யச் சொல்கிறார்கள். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி, ஒவ்வொரு கைக்கும் ஒரு விவரம் அழிகிறது. கயிறு இருக்கும், அது எதற்கு என்பது போய்விடும்.

'மியூசியம் தரம்' என்ற சான்றிதழை யாரும் கொடுப்பதில்லை. நிஜமாகவே மியூசியத்தில் இருக்கிற மாடல்களில் புகழ்பெற்றவை, 17ஆம் நூற்றாண்டிலிருந்து பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களுக்காகச் செய்தவை. வழக்கமாக 48-ல் ஒரு பங்கு அளவு. பலவற்றில் அடிப்பலகையே போடாமல் விலா எலும்புகள் தெரியும், பாய்மரமும் இருக்காது. நம் ஆன்லைன் கடைக்காரர் அதைப் பார்த்தால் பாதியில் விட்ட வேலை என்பார்.

அலங்காரத்துக்கு அலங்கார விலையில் வாங்கினால் ஒரு பிழையுமில்லை. கொடி எந்தப் பக்கம் பறந்தாலும் வரவேற்பறைக்கு அழகுதான். கயிறு தெரிந்த ஆட்கள் அதைக் கேலி செய்தால் கண்டுகொள்ளாதீர்கள். உழைப்புக்கும் நுட்பத்துக்கும் என்று ஐந்து இலக்கத்தில் விலை சொன்னால் மட்டும் கேள்வி கேளுங்கள். என்ன ஸ்கேல்? எந்த வரைபடத்தை வைத்துச் செய்தது? அனுப்பப்போகிற அதே மாடலை, முன்பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் எடுத்த படம் கிடைக்குமா? பட்டியலில் இருக்கிற படம் வேறு யாரோ வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்த மாடலாக இருப்பதும் நடக்கிறது. அந்த மூன்று கேள்விக்கும் பதிலாகத் தள்ளுபடி மட்டும் வந்தால், பணத்தைப் பையிலேயே வையுங்கள்.